சொல்ல வேண்டாம் படிவம்

தாங்கி மையத்தில் சேர வருகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய தாளில் பதினொரு கேள்விகள் உண்டு. முதல் பத்துக்கும் தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு பதில் எழுதிவிடுவாள். பதினோராவது கேள்வி, உடன் வந்திருப்பவரின் பெயரும் உறவும். அந்த இடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, எதிரே இருப்பவர் பரிதாபப்படுவதற்கு முன்னால் தானே சிரித்துவைப்பாள். இது ஏழாவது தடவை. கோடு போடுவது நன்றாகவே பழகிவிட்டது.

"யாராவது ஒருத்தர் பேரை எழுதுங்கக்கா," என்றாள் நர்ஸ் ஜெபக்கனி. "ஒரு அவசரம்னா நாங்க யாருக்குப் போன் பண்றது?"

"எனக்கு அவசரம்னா எனக்கே பண்ணு தாயி. நான்தானே எடுக்கணும்."

ஜெபக்கனி சிரித்துவிட்டுத் தாளை வாங்கி அடுக்கில் வைத்தாள். அந்த அடுக்கில் முக்கால்வாசித் தாள்களில் பதினோராவது இடத்தில் கோடுதான் இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிறவர்களை, முன்பின் தெரியாத நோயாளிக்காக இருபத்தோரு நாள் காய்ச்சலில் கிடக்க வீடு விடாது. ஆகவே நாட்டில் தாங்கிகள் என்றாலே பெரும்பாலும் ஆளில்லாதவர்கள் என்று ஆகிப்போனது. யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிற மாதிரி அது தானாக நடந்தது.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குத் தாள் சுற்றுகிற வேலை. அம்மா இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வாசலோடு திரும்பிப் போனது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் திங்கட்கிழமை காலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட முடியும் என்பதை அவள் வெகு நாளைக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள். தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று, இல்லாத கோழியைச் "சூ, சூ" என்று விரட்டுவாள்.

மையத்தில் அப்படியில்லை. இங்கே தினமும் காலை ஏழு மணிக்குச் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியில் "இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போய்விட மாட்டார்கள். அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்து எழுதிக்கொள்வார்கள். அவள் மூச்சையும் சூட்டையும் தூக்கத்தையும் பற்றி யாரோ கவலைப்படுவார்கள். புண்ணியத்துக்கு வருகிறவர்கள் உண்டு, அரசாங்கம் தரும் படிக்காக வருகிறவர்களும் உண்டு. தங்கபுஷ்பம் வருவது அந்த ஏழு மணிக் கேள்விக்காக. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கிறுக்கச்சி என்பார்கள்.

முதல் நாள் ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். அறைக் கதவைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். அதன் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவோர் வருவோரைப் பார்த்துக் கையசைப்பதுதான் வெளியுலகம்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவர் பேசியது.

"யாரு அங்க? சோத்துல உப்பே இல்லையே. உங்களுக்கும் இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டும்தானா?"

சிக்கனத்துக்காக இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில் பொதுவாக ஒரே சோற்றுப் பெட்டியை வைத்துக் கட்டியிருந்தார்கள். நர்ஸ் வெளியிலிருந்து தட்டை உள்ளே வைப்பாள். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவரவர் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் சல்லடைத்தாள் ஒட்டிய தடுப்பு ஒன்று உண்டு. அதில் கிருமி போகாது, முகம் தெரியாது. குரல் போகும் என்பதைக் கட்டியவர்கள் யோசிக்கவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தாங்க்கா," என்றாள் தங்கபுஷ்பம், பெட்டிக்குள் தலையை நீட்டி. "உப்பு, புளி, கருவாடு எதுவும் கிடையாது. பத்தியம்."

"கருவாடு பேரைச் சொல்லாத, நாக்கு ஊறுது. நானும் தாங்கிதான் தாயி. இதுதான் மொத தடவை. உனக்கு?"

"ஏழாவது."

"ஏழா! அடியாத்தீ. அப்ப நீ பெரிய ஆளு."

அந்தப் பெண்ணின் பெயர் சீனியம்மாள். வெள்ளாரம்பட்டியில் மிளகாய் விவசாயம். அறுபது தாண்டியவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரிக்கனி, கடற்கரை என்று இரண்டு மகன்கள். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்க வந்த இடத்தில், வயிற்றில் இருப்பது சின்னக் கல்தான், ஆனால் இந்த அம்மா ரத்தம் தங்கமான ரத்தம், ஓர் ஏழையின் உயிரைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னாராம். மகன்கள் இருவரும் மூன்று வாரம் இருங்கம்மா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்களாம்.

"அம்புட்டுப் பயலுக மத்தியில எம்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நல்ல மனசு," என்றாள் சீனியம்மாள். "ஆனா என்ன பண்றாகன்னுதான் ஒண்ணும் வெளங்கல. எதைத் தாங்குறோம் நாம?"

தங்கபுஷ்பத்துக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது அதுவே முதல் தடவை. சும்மா விடுவாளா?

"புத்துநோய் வந்தவுக ரத்தத்துல காவக்கார அணு இருக்கும்க்கா. ஆனா அதுக்கு எது எதிரின்னு தெரியாது. அதுல கொஞ்சத்த வெளிய எடுத்து, இந்தா பாரு இவன்தான் எதிரின்னு மிஷின்ல வச்சுச் சொல்லிக் குடுப்பாக. சொல்லிக் குடுத்தது ஒரு கைப்பிடி. சண்டைக்குப் பட்டாளம் வேணும்ல? வெளிநாட்டுல பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாவுல போட்டுப் பெருக்குறாக. அதுக்கு ஒரு நிமிசம் கரண்டு போகக் கூடாது, ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது."

"நம்ம ஊருல அதுக்கு எங்க போறது?"

"அதான் நம்ம டாக்டருக மனுச உடம்பையே அண்டாவாக்கிட்டாக. நல்ல உடம்பா இருக்கணும், நம்ம உடம்பு அதை அடிச்சு வெரட்டாம இருக்க ஒரு ஊசி போடணும், அம்புட்டுத்தான். பாலுக்கு உறைமோர் ஊத்தி அசைக்காம வச்சா தயிராகுதுல்ல? இருபத்தோரு நாள் அசைக்காம கெடந்தா பட்டாளம் பெருகிரும். அதை எடுத்து அவுகளுக்குக் குடுத்துருவாக."

"அப்ப நாம பால் சட்டி."

"சட்டியேதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் அன்று சாயங்காலம் வரை பேசினாள். முழங்கால் வலியிலிருந்து கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு பதம் பார்க்கிற விதம் வரை ஒன்றையும் விடவில்லை. பேசப் பேசத் தொண்டை வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

பேச்சு கூடிப்போனால் பெருமையும் வரும். ஐந்தாம் நாள் சீனியம்மாள், "பயலுக வற்புறுத்துனானுகன்னு வந்துட்டேன், நடுவுல முடியலைன்னா விடுவாகளா?" என்று கேட்டாள். தங்கபுஷ்பம் பெரிய வக்கீல் தோரணையில், "தாங்கியை யாரும் கட்டிப்போட முடியாதுக்கா. சட்டமே இருக்கு. வீட்டுக்குப் போறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா, அந்த நிமிசம் கதவைத் தெறந்து விட்டுறணும்," என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவள் பத்து நாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலில் சுரத்தே இல்லை.

"ஏத்தா புஷ்பம், உனக்குத் தலைமுடி கொட்டுதா?"

"இல்லையே. ஏன்க்கா?"

"எனக்குக் கொத்துக் கொத்தா வருது. தலகாணி பூராவும் முடி. ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி. மொத தடவைங்கறதால இருக்கும், என்ன?"

தங்கபுஷ்பம் தன் கொண்டையை அவிழ்த்து விரலால் கோதிப் பார்த்தாள். ஆறு முறை தாங்கியிருக்கிறாள். காய்ச்சல் வரும், எலும்பு குடையும், வாய் கசக்கும். முடி ஒருபோதும் கொட்டாது. தாங்கிக்கு அந்த மருந்தே கிடையாது. பட்டாளம் வந்து இறங்குவதற்காக ரத்தத்தைக் காலிசெய்து வைக்கும் மருந்தை நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள்.

"ஒங்களுக்கு என்னைக்கு ரத்தம் எடுத்தாகக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்கேனுக்கு வந்த அன்னைக்கே. போன மாசம் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. அப்பறம் எடுக்கவே இல்ல."

பதினெட்டாம் தேதி எடுத்தது பத்து நாள் பாடம் படித்து இருபத்தெட்டில் தாங்கிக்கு ஏறும். தங்கபுஷ்பத்துக்கு ஏற்றியது இருபத்தெட்டில். அந்த வாரம் மையத்தில் ஏறிய பை அது ஒன்றுதான் என்று ஜெபக்கனியே சொல்லியிருந்தாள். தங்கபுஷ்பம் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு பேருக்குத் தாங்கியும் ஒரு முகம், ஒரு பெயர் தெரியாதவள் அவள். ஏழாவது ஆள் ஒரு சாண் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முடி கொட்டுவதற்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மொத தடவைங்கறதாலதான்க்கா," என்றாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெபக்கனி கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றபோது அவள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். ஜெபக்கனிக்கு முகம் வெளிறிப்போனது.

"அந்தப் பக்கம் நோயாளி வார்டுல கூரை ஒழுகுதுன்னு இங்க கொண்டாந்து போட்டோம். பெட்டி வழியா நீங்க பேசுவீங்கன்னு யாரு கண்டா? அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அவங்க வீட்டுல படிவம் எழுதிக் குடுத்திருக்காங்க."

அந்தப் படிவத்தைப் பற்றித் தங்கபுஷ்பத்துக்கும் தெரியும். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. மையத்தில் எல்லாரும் சொல்ல வேண்டாம் படிவம் என்பார்கள். நோயாளிக்கு இன்ன நோய் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று குடும்பத்தார் கேட்டு எழுதிக் கொடுப்பது. நம் ஊரில் பத்துக் குடும்பம் வந்தால் எட்டுக் குடும்பம் முதலில் கேட்பதே அந்தப் படிவத்தைத்தான், மருந்தைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள்.

"அவங்க வீட்டுக்காரருக்கு இதே நோவுதானாம்," என்றாள் ஜெபக்கனி. "டாக்டர் மொகத்துக்கு நேரா சொல்லிட்டாராம். அன்னைலருந்து சோறு தண்ணியில்லாம படுத்து எட்டே நாள்ல போயிட்டாராம். அம்மாவும் அப்படிப் போயிரும்னு பெரிய மகன் எங்க காலடியில உக்காந்து அழுதாரு. நோயாளியைத் தாங்கின்னு சொல்லிச் சேக்குறது எங்களுக்கும் இதுதான் முதல் தடவை."

"தாங்குறது நான்னு தெரிஞ்சா என்ன செய்வாக?"

"தாங்கியும் நோயாளியும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கறது உங்களுக்குத் தெரியாதாக்கா? அந்தக் கதைதான் தெரியுமே."

தெரியும். முன்பு ஒரு குடும்பம் தாங்கி யார், என்ன சாதி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்த உடம்பில் வளர்ந்தது எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று பையைத் திருப்பி அனுப்பியது. நோயாளி இறந்து போனான். அன்றிலிருந்து பெயர் வெளியே வந்தால் தாங்கியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அடித்தால் இனி ஏழு மணிக்குக் கேட்க யாரும் இல்லை. தங்கபுஷ்பம் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அதற்கப்புறம் அவள் பேச்சு மாறிவிட்டது. காலையில் ஒலிபெருக்கிக்குப் பதில் சொல்லிவிட்டு நேரே பெட்டிக்குப் போய், "இன்னைக்கு எப்படி இருக்கீகக்கா?" என்பாள். எத்தனை வாய் சாப்பிட்டாள், வாந்தி நின்றதா என்று கேட்பாள். தனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு அடித்தபோது, நல்லது, நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டாள். ஒரு முறை பேச்சோடு பேச்சாக, "நான் செத்தா அழ ஆள் கெடையாதுக்கா, முனிசிபாலிட்டி வண்டிதான் வரும்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் தட்டு நங்கென்று வைக்கப்பட்டது. பிறகு, "கூறு கெட்டவளே, நான் வர மாட்டேனா?" என்று கோபமாக ஒரு குரல் வந்தது.

பதினைந்தாம் நாள் சீனியம்மாள் கையெழுத்துப் போடத் தாள் கேட்டாள்.

மையமே கலங்கிப்போனது. மகன்கள் போனில் அழுதார்கள். ஜெபக்கனி கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினாள். சீனியம்மாள் எதற்கும் மசியவில்லை. தாங்கி என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள், தாங்கி போகிறேன் என்றால் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. காலி ரத்தத்தோடு வெளியே போனால் பத்து நாள்கூடத் தாங்காது.

"உண்மையைச் சொல்லிருவோம்னு மகன்கிட்ட கேட்டேன்," என்றாள் ஜெபக்கனி தங்கபுஷ்பத்திடம். "சொன்ன அன்னைக்கே உசுரை விட்டுரும், உங்க கையாலதான் கொன்னீங்கன்னு புகார் எழுதிக் குடுத்துருவேன்னு சொல்றாரு. நாளைக்குக் காலைல தாள் குடுத்தாகணும்."

தங்கபுஷ்பம் பெட்டியைத் திறந்தாள்.

"ஏன்க்கா போறீக?"

"போதும் தாயி. குடலே வெளிய வந்துரும் போல இருக்கு. மொளகா வத்தலைக் களத்துல போட்டுட்டு வந்துருக்கேன், மானம் வேற கறுத்துக் கெடக்கு. யாருன்னே தெரியாத ஒருத்திக்காக நான் எதுக்கு இப்படிச் சாகணும்? அவ மொகமாவது தெரிஞ்சா மனசைத் தேத்திக்கலாம். நல்லவளோ கெட்டவளோ, யாரு கண்டா?"

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணமும் வாய்க்கவில்லை, பெரிய பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. சொல்ல ஒரே ஒரு பொய்தான் அவள் கைவசம் இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீக. நான் தாங்கி இல்ல."

"என்னது?"

"எனக்குத்தான் நோவு. போன மாசம் பதினெட்டாம் தேதி உங்ககிட்ட ரத்தம் எடுத்தது எனக்குச் சேருமான்னு பாக்கத்தான், அப்பறம் உங்களுக்கு ஏத்துனது என் ரத்தம். நீங்க எனக்காகத்தான் கெடக்கீக. சொன்னா உங்க பேரைப் பதிவேட்டுலருந்து அடிச்சிருவாகன்னு பயந்து, ஏழு தடவை தாங்குனேன்னு பொய் சொன்னேன். நீங்க போயிட்டா நான் செத்துருவேன்க்கா."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. நடிப்புக்கு வந்த அழுகை இல்லை. தன் உயிர் வேண்டும் என்று இன்னொருவரிடம் அவள் கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பொய்யாகக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ சிந்தியது. சீனியம்மாள் பெட்டிக்குள் வாயை வைத்துப் பேசினாள்.

"ஏட்டி, இதை மொதல்லயே சொல்லித் தொலையக் கூடாதா? ஏழு தடவையாம் ஏழு. கழுதை. போ, போய்ப் படு. எந்திரிச்சு நின்னு பேசாத. நான் எங்கயும் போகல. மொளகா போனா மசுராச்சு."

மறுநாள் ஜெபக்கனி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "உண்மையைச் சொல்லக் கூடாதுன்னுதான் படிவத்துல இருக்கு. பொய் சொல்லக் கூடாதுன்னு இல்ல," என்றாள். பதிவேட்டில் எதையும் எழுதவில்லை.

மிச்சமிருந்த ஆறு நாள்தான் தங்கபுஷ்பத்தின் வாழ்க்கையிலேயே நல்ல நாள்கள். காலை ஆறரைக்கே, ஒலிபெருக்கியை முந்திக்கொண்டு, "எப்படி இருக்கே தாயி இன்னைக்கு?" என்று பெட்டி கேட்கும். "காய்ச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்குக்கா," என்று இவள் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை யாரும் எழுதிக்கொள்வதில்லை, கேட்கிறவளுக்கே பதில் வேண்டியிருந்தது. வெளியே போனதும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தருவதாகச் சீனியம்மாள் சத்தியம் செய்தாள்.

இருபத்திரண்டாம் நாள் இருவர் கையிலும் குழாய் மாட்டினார்கள். குழாய் எடுக்கிறதா ஏற்றுகிறதா என்று படுத்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்? பெட்டிக் கதவுகள் திறந்தே இருந்தன, ஜெபக்கனி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"என் ரத்தம் வந்து சேந்துச்சா புஷ்பம்?"

"வந்துக்கிட்டு இருக்குக்கா," என்றாள் தங்கபுஷ்பம், தன் கையிலிருந்து போய்க்கொண்டிருக்கும் சிவப்பைப் பார்த்தபடி.

அன்று சாயங்காலமே தங்கபுஷ்பத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாளம் வேலையைச் செய்தது. சீனியம்மாள் ஒரு மாதம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனாள் என்று ஜெபக்கனி சொல்லித் தெரிந்தது. மூன்று வருடம் தாண்டினால்தான் முழுக்குணம் என்று சொல்ல முடியுமாம், அதுவரை நோயின் பெயர் காதில் விழக் கூடாது என்று மகன்கள் உறுதியாக இருந்தார்களாம். தங்கபுஷ்பம் பழையபடி மிட்டாய்க்குத் தாள் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகள் முன்பைவிட நீளமாகிவிட்டன.

நாலு மாதம் கழித்து ஜெபக்கனி போன் செய்தாள். எடுத்ததும் அழுதாள்.

"அக்கா, அவங்க மகனுங்க உங்களைச் சாகடிச்சிட்டாங்கக்கா."

விஷயம் இதுதான். வீட்டுக்குப் போன நாளிலிருந்து சீனியம்மாளுக்கு ஒரே நச்சரிப்பு. அந்தப் புள்ள புஷ்பம் எப்படி இருக்கு, ஆளில்லாதவ, நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்து வச்சுக்குவோம், மையத்துல விலாசம் கேளு என்று. நேரில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும். மகன்கள் ஒன்பதையும் ஒன்றாகச் சுருட்டி, புஷ்பத்துக்கு மருந்து கேட்கவில்லை, இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டு நாள் சாப்பிடலையாம்க்கா. அப்பறம் எந்திரிச்சு, அவளுக்கு யாருமில்ல, நான்தான் செய்யணும்னு சொல்லிட்டாங்களாம். வர்ற புதன்கிழமை பதினாறாம் நாளு. ஊருக்கே சோறு போடுறாங்க."

தங்கபுஷ்பம் போனை வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். தான் செத்தால் அழ ஒருத்தி இருக்கிறாள். அழுதும்விட்டாள். அது போய்ப் பார்க்கக் கிடைப்பது யாருக்கு வாய்க்கும்?

தன் கருமாதிக்குப் போகிறவள் என்ன சேலை கட்டிக்கொள்வது என்று புதன்கிழமை காலையில் அரைமணி நேரம் யோசித்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வெள்ளாரம்பட்டி பஸ் ஏறினாள்.

பந்தலில் கூட்டம் நன்றாகவே இருந்தது. முகம் தெரியாததால் படத்துக்குப் பதில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துப் பூச்சுற்றியிருந்தார்கள். அதன் முன்னால் படையல் இலை. படையலில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். "அவளுக்குப் புடிச்சது அதுதான்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. அந்தக் குரலைக் கேட்டதும் தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பந்தியின் கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சீனியம்மாள் சோற்று வாளியோடு வந்தாள். இவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். தலையில் ஒரு விரற்கடை அளவுக்கு வெள்ளைமுடி முளைத்திருந்தது. கன்னத்தில் நல்ல சதை. அந்தச் சதையில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்தபோது தங்கபுஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எந்த ஊரு தாயி?"

வாயைத் திறந்தால் தெரிந்துபோகும். தங்கபுஷ்பம் கிழக்கே கையைக் காட்டினாள்.

"பேச்சு வராதா? பாவம். புஷ்பத்தைத் தெரியுமா உனக்கு?"

தெரியும் என்று தலையாட்டினாள்.

"எனக்கு அவ மொகம் தெரியாது. கொரலு மட்டும்தான் தெரியும். மூணு வாரம் அவளுக்காகக் கெடந்தேன், காப்பாத்த முடியல." சீனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் ரத்தத்துக்கு அம்புட்டுத்தான் தெம்பு. நல்லாச் சாப்பிடு. அவ இருந்தா உன் வயசுதான் இருக்கும்."

குழம்பில் உப்பும் புளியும் சரியாக இருந்தன. தங்கபுஷ்பம் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இந்த அம்மாள் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு மிச்ச நாளையும் கழிக்கப் போகிறாளே என்பதுதான் அவளை உறுத்தியது. சொன்னால் நோய் தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் இந்தப் பாரம் இறங்காது.

இலையை மடிக்க வேண்டும். துக்க வீட்டில் இலையை வெளிப்பக்கமாக மடிக்க வேண்டும் என்பது நம்மில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உள்பக்கமாக, தன்னைப் பார்த்து மடிப்பது கல்யாண வீட்டில். தங்கபுஷ்பத்தின் கை இலையின் இந்தப் பக்க ஓரத்தைப் பிடித்தது. யார் செத்துப்போனது என்று ஒரு கணம் யோசித்தாள். கையை விட்டுவிட்டு, அந்தப் பக்க ஓரத்தைப் பிடித்து, தன்னைப் பார்க்க மடித்து, நன்றாக அழுத்திவிட்டு எழுந்தாள்.

எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு வந்த சீனியம்மாள் கடைசி இலையின் முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றான் மாரிக்கனி.

"ஒண்ணுமில்லப்பா. யாரோ கல்யாண வீடுன்னு நெனச்சுட்டாக போல."

தங்கபுஷ்பம் தெருமுனை தாண்டி வண்டிப்பாதைக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றாள். திரும்பவில்லை.

"எப்படி இருக்கே தாயி இன்னைக்கு?"

மூச்சு வாங்கும் குரல். தங்கபுஷ்பம் வேறு எதுவும் தோன்றாமல் சொன்னாள்.

"காய்ச்சல் விட்டுருச்சுக்கா."

சீனியம்மாள் முன்னால் வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கையைப் பிடித்து ஊசி ஏறிய தழும்புகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். ஏழு இருந்தது.

"உனக்கு முடி கொட்டவே இல்ல."

"இல்லக்கா."

"அப்ப அன்னைக்குக் குழாயில வந்தது எனக்கு."

"ஆமாக்கா."

சீனியம்மாள் அழவில்லை. பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்து மிளகாய்க் காட்டைப் பார்த்தாள். கணவரின் பெயரைச் சொல்லி ஏதோ முனகினாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மகன்களைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அந்தப் பயலுகளுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டானுக."

"சொல்ல மாட்டேன்க்கா. ஆனா நான் இனி இங்க வர முடியாதுல்ல?"

"செத்தவ எப்படி வருவா?" என்றாள் சீனியம்மாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பஸ் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து, முந்தானையால் தங்கபுஷ்பத்தின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வருசா வருசம் உனக்குத் திவசம் வைக்கேன். நான் இருக்குற வரைக்கும் வைப்பேன். வாய் பேச முடியாதவளா வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ."

பஸ் நின்றது. தங்கபுஷ்பம் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே நின்ற சீனியம்மாள் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அடுத்த தடவை இலையை வெளிப்பக்கமா மடி. ஊரு பாக்கும்."